குதிரோரத்துக் கலயம்

என் ஓரகத்திக்குக் கடலைக் கொல்லையில் வலி எடுத்தது. எடுத்த பிறகும், பிடித்த வரிசையைப் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் கரையேறினாள் என்று ஊரே சொன்னது. வீட்டுக்கு நடந்தே வந்தாள். கைகால் கழுவினாள். உள்ளே போய்ப் படுத்தாள். உலையில் போட்ட அரிசி வேகிற நேரத்துக்குள் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றுப் போட்டாள். மருத்துவச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே நுழைந்தபோது தொப்புள்கொடி அறுக்கிற வேலைதான் பாக்கி இருந்தது. ஓரகத்திக்கு அது மூன்றாவது பிள்ளை.

அந்தக் கடலை களத்தில் காய்ந்து முடிவதற்குள் எனக்கும் வலி கண்டது. நான் வீட்டுக்கு மூத்த மருமகள். அவள் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு எனக்குப் பிறகு வந்தவள். வந்த சுருக்கில் இரண்டைப் பெற்று இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்தாள். அவள் மூன்றாவதைச் சுமந்த வருஷம்தான் என் வயிற்றில் ஒன்று தங்கியது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது முறை. எனக்குப் போக வீடு இருந்தது, தாய் இல்லை. நான் நடக்கப் பழகும்போதே அம்மா போய்விட்டாள். புதுக்கோட்டை டவுனில் வளையல் கடை வைத்திருந்த அப்பாதான் என்னை வளர்த்தார். பிரசவம் பார்க்க அவரால் ஆகுமா? அதனால் கீரமங்கலத்துக்குத் தெற்கே இருந்த மாமியார் வீட்டிலேயே, நெல் கொட்டிவைக்கும் மண்குதிர் இருந்த பின்னறையில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு பகல் போய், இரவு போய், மறு பகலும் சாய்ந்தது. யுத்த காலம், மண்ணெண்ணெய்க்குக் கண்ட்ரோல். இலுப்பெண்ணெய் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் மருத்துவச்சி கையில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு என்னோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் மகன் வந்தான். அவன் பின்னாலேயே உதிரம் வந்தது. பழந்துணி எடுத்துக் கொடுத்து மாளவில்லை. "புள்ளை தேறிரும். இவளைத்தான் சொல்றதுக்கில்லை" என்று மருத்துவச்சி சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் விழவில்லை.

மறுபடி கண் விழித்தபோது பகலாக இருந்தது. என் மகனை அப்போதுதான் பார்த்தேன். என் ஓரகத்தி மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

நன்றி சொல்ல வேண்டிய நேரம் அது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வந்தது நன்றி இல்லை. 'இது வரைக்கும் இவள் வைத்திருந்தது போதாதா?' என்றுதான் வந்தது. எழுந்து பிடுங்கிக்கொள்ளலாம் என்றால் கையைத் தூக்கவே தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்குவதாக நினைத்து, அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, மகன் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அலறுவான். உடனே அவள் வந்து வாங்கிக்கொள்வாள். ஒரு பக்கம் அவள் மகள், மறு பக்கம் என் மகன். "வலப்பக்கம் ஒங்க மகனுக்கு, இடப்பக்கம் இந்தக் கழுதைக்கு. ரெண்டும் அடிச்சுக்கிறாம இருக்கட்டும்னு பாகம் பிரிச்சு விட்டுட்டேன்க்கா" என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும். அதுவும் எனக்கு ஆகவில்லை.

"ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க? சின்னவ மகளைப் பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு!" என்பாள் மாமியார். யார் ஊரார், யார் பிள்ளை? நான் இங்கேதானே கிடக்கிறேன்! பெற்றவள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது என் பிள்ளையை ஊரார் பிள்ளை ஆக்கிவிட்டார்கள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு மருத்துவச்சியிடம் மருந்து இல்லை.

சரி, படுத்துக்கிடந்தால் பிள்ளை வராது, எழுந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். எப்படி எழுவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பத்தியம். சொன்னதைச் சொன்னபடி செய்தால் உடம்பு தேறும். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி போட்டு இடித்த மருந்து உருண்டையை முகம் சுளிக்காமல் விழுங்கினேன். சுட்ட பூண்டும் மிளகு ரசமுமாக ஒருவேளைச் சோறு. தண்ணீர்தான் கொடுமை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குளிர்ந்தது எதுவும் ஆகாது, ஜன்னி கண்டுவிடும் என்று சொல்லி, சோறு உண்ணும்போது கையளவு வெந்நீர் தருவார்கள். அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊருணியை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மாமியார் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கலயத்தைக் கொண்டுவந்து குதிரோரத்தில், நான் கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வைப்பாள். மேலே ஒரு கொட்டாங்கச்சி மூடி. "மாட்டுக்கு வச்ச தண்ணி. தொட்டுறாதே" என்று வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். விடிந்ததும் வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் திருடிக் குடித்தேனா என்று சோதனை போடுகிறாள் என்று எனக்கு ஆத்திரம். மாமியாருக்கு மருமகள் மேல் இவ்வளவு அவநம்பிக்கையா? என் வீம்பு யாருக்கு வரும்! அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழை வந்து ஊருணி நிரம்பியது. என் ஓரகத்தி அதற்குள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சேற்றில் நின்று அவள் பாடுகிற பாட்டு வீடு வரைக்கும் கேட்கும். நடுவில் ஓடிவந்து இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகை வரை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கும். பிறகு நடுவாசலில் எனக்காகவே போட்ட மாதிரி கிடந்த உரலில் உட்கார்ந்துகொண்டு, அவள் போகிற வேகத்தைப் பார்ப்பேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதையும் விடவில்லை. அவளுடைய பாட்டில் தாளம் தப்புகிறது என்று மாமியாரிடம் சொன்னேன்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம். மகன் தூளியில் சிணுங்கினான். எடுத்தேன். நாலு மாதத்துப் பிள்ளை, பாலை வஞ்சனை இல்லாமல் குடித்து வளர்ந்தவன், கனத்தான். இரண்டு எட்டு வைத்ததும் கண் இருட்டியது. முழங்கால் மடிந்தது. பின்வாசலில் நுழைந்த ஓரகத்தி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் விழுந்தேன். அவன் அவள் தோளில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தான், அழக்கூட இல்லை.

மாமியார் அன்று ஒரு தீர்ப்புச் சொன்னாள். "இங்க பாரு ஆத்தா. ஊருணியில இருந்து ஒரு கொடம் தண்ணிய நீயாத் தூக்கி, எங்கிட்டும் எறக்கி வைக்காம வீடு கொண்டாந்து சேரு. அன்னைக்கிப் புள்ளைய ஒங்கிட்டயே விட்டுர்றேன். அதுவரைக்கும் சின்னவகிட்டக் கெடக்கட்டும். எனக்கு ஒண்ணுக்கு ரெண்டாப் பொணம் பாக்கத் தெம்பு இல்லை."

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் எழுந்துவிட்டாள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஓரகத்தி அந்தக் குடத்தைத் தூக்கிவந்து சேர்த்து எழுந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நான்தான் இன்னும் பச்சை உடம்புக்காரி.

மறுநாளே கிளம்பினேன். ரோஷம் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டது, ஊருணி வரை. பித்தளைக் குடத்தை நிரப்பினேன். இடுப்பில் ஏற்றினேன். படியில் பாதி ஏறுவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்து, காது அடைத்து, குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் என் மேலேயே கவிழ்ந்தது. நல்லவேளை, படித்துறையில் யாரும் இல்லை என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தினால் அவள் நின்றுகொண்டிருந்தாள், தலையில் கஞ்சிக் கலயத்தோடு. வயலுக்குப் போகிற வழி.

"என்னக்கா, சொல்லிருந்தா கூட வந்திருக்க மாட்டேனா? இந்தாங்க, ரெண்டு மடக்கு நீச்சத்தண்ணி குடிங்க. மயக்கம் தெளிஞ்சிரும்" என்று கலயத்தை இறக்கினாள். பழஞ்சோற்றில் ஊறிய நீராகாரம்.

"எனக்கு வேணாம். நான் பத்தியத்துல இருக்கேன்" என்றேன். தொண்டை காய்ந்து குரலே வரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையில் ஒரு பெருமை இருந்தது. உன்னை மாதிரி இல்லை நான் என்பதைப் போல.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அதெல்லாம் சரி. குதிரோரத்துல அயித்தை வச்சாங்கள்ல, அதைக் குடிச்சீங்கள்ல?"

"அது மாட்டுக்கு வச்சதுல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏக்கா, எந்த ஊருலக்கா மாட்டுக்கு உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் உரிச்சுப் போட்டு வைப்பாங்க?"

வெங்காய வாசனை எனக்கும் வந்தது உண்டு. செருமுகிற மாட்டுக்கு ஏதோ வைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னதும் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நெசமாவே குடிக்கலையாக்கா? ஒரு நாளுகூடவா?"

"தொட்டுறாதேன்னு சொன்னாங்களே."

"அப்படித்தான்க்கா சொல்லுவாங்க. தண்ணியக் கையில குடுத்து, அப்புறம் ஜன்னி கண்டு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, மாமியா கொன்னுட்டான்னு ஊரு பேசும்ல? அதுக்காக எட்டுற இடத்துல வச்சுட்டு, தொடாதேம்பாங்க. நாம எடுத்துக் குடிச்சா நம்ம பாடு. நான் மூணு புள்ளைக்கும் அந்தக் கலயத்தைத்தான் குடிச்சேன். எங்க ஆத்தா கல்யாணத்தப்பவே காதோட சொல்லி விட்டுச்சு."

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டுக் குடிசையில் இருந்தாள் அவளைப் பெற்றவள். பல் போன கிழவி, வந்தால் மகளுக்கு ஒரு மடி முந்திரிப்பழம் கொண்டுவருவாள், அவ்வளவுதான் அவளால் ஆனது. ஆனாலும் மகள் காதில் இதைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். என் அப்பா என் கை நிறைய வளையல் போட்டு அனுப்பினார். படியில் நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அவளுடைய பால் மேலோ, பலத்தின் மேலோ, மூன்று பிள்ளைகள் மேலோ வராத பொறாமை அந்தப் பல் போன கிழவியின் மேல் வந்தது.  ஓரகத்தி பக்கத்தில் இருந்த கலயத்தை இழுத்துக் குடித்தேன். புளிப்பும் உப்பும் தொண்டையில் இறங்க இறங்க, அழுகை வந்தது. கலயத்தை வைக்கவே இல்லை. அன்று அவள் வயலில் எதைக் குடித்தாளோ, நான் கேட்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியார் வழக்கம்போலக் கலயத்தை வைத்து, வழக்கம்போலச் சத்தம் போட்டாள். விடிந்து வந்து மூடியைத் தூக்கினாள். அடியில் இரண்டு சோற்றுப் பருக்கைதான் கிடந்தது. என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு, "மாடு இன்னிக்கித்தான் குடிச்சிருக்கு" என்றாள். மறுநாளிலிருந்து கலயம் பெரிதாகிவிட்டது. இத்தனை நாளும் அவள் என்னைச் சோதிக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் மாட்டைப் பற்றித்தான் பதில் சொல்லியிருப்பாள்.

ஒரு கள்ளத்தனம் பழகிவிட்டால் அடுத்தது தானாக வரும். அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் குறைந்தது. பானையில் இருந்த கருவாடு குறைந்தது. எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். முகத்தில் இரத்தம் ஊறியது. முதலில் செம்பு, பிறகு சின்னத் தவலை, பிறகு பாதிக் குடம் என்று ஊருணிக்கு நடந்தேன். ஓரகத்தி கூட வந்தால் அவளுக்கு முன்னால் நடப்பேன். பின்னால் நடந்தால் அவள் இடுப்பில் குடம் ஆடாமல் இருக்கிற அழகைப் பார்க்க வேண்டிவருமே! சில நாள் அவள் வேண்டுமென்றே மெதுவாக வந்தாளோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்திலேயே இன்னும் வேகமாக நடப்பேன். என்னைத் தேற்றியதில் நீராகாரத்துக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பாதி அந்தப் பொல்லாத எரிச்சலுக்குத்தான்.

தைப் பொங்கலுக்கு முன்னால் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றேன். எங்கேயும் இறக்கவில்லை. கொஞ்சம் தளும்பிச் சிந்தியிருந்தது. மாமியார் நனைந்த என் இடுப்பைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி, "சின்னவளே, புள்ளையக் கொண்டாந்து குடு" என்றாள்.

ஓரகத்தி கொண்டுவந்தாள். கையில் கொடுக்கும்போது, "வலப்பக்கம் போட்டுக் குடுங்கக்கா. அவனுக்கு அதுதான் பழக்கம்" என்றாள்.

எனக்கு இப்போது பால் ஊறியிருந்தது. நெஞ்சு கட்டிக்கொள்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும், பிள்ளை இழுத்தால் வரும். இவள் யார் எனக்குச் சொல்ல? என் பிள்ளைக்கு எந்தப் பக்கம் கொடுப்பது என்று இவளா எனக்குப் படித்துக் கொடுப்பது? இடப்பக்கம் போட்டேன்.

அவன் வாய் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதுகை வில்லாக வளைத்து அழுதான். மாற்றிப் போட்டேன். அதற்குள் அவனுக்கு வெறி ஏறிவிட்டது, என்னை உதைத்தான். வாசலில் அவள் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் கையை நீட்டினான். என் மடியில் இருந்துகொண்டு! நான் அவனைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன், போட்டேன் என்பதுதான் சரி, கொடுக்கவில்லை. "வச்சுக்க. நல்லா வச்சுக்க. மருந்து வச்சு மயக்கிட்டே எம் புள்ளைய" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.  அவள் அவனை வாங்கி, மாராப்பை இழுத்துவிட்டு, வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். அவன் விம்மி விம்மிக் குடித்தான்.

பொங்கல் முடிகிறவரை இப்படியே போனது. அவன் என்னிடம் தூங்குவான், விளையாடுவான், பசித்தால் அவளைத் தேடுவான். நான் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒரு நாள் உச்சிவெயிலில் அவளே அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் தொண்டை கட்டுகிற அளவுக்கு அழுதிருந்தான். "இங்கிட்டும் குடிக்க மாட்டேங்குறான்க்கா. காலையில இருந்து பட்டினி. எனக்குப் பாலு வத்திப்போச்சு போல. நீங்க பாருங்க" என்று என் மடியில் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள்.

பசி ருசி அறியாது, ஆள் அறியாது. இடப்பக்கம்தான் போட்டேன். கொஞ்சம் தயங்கினான், பிடித்துக்கொண்டான், இழுத்தான். என் உடம்பிலிருந்து என் பிள்ளை வாய்க்குப் பால் இறங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன். அவளுக்கு வற்றிவிட்டது, எனக்கு ஊறுகிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறில்லை. குனிந்து அவன் வாயில் முத்தம் கொடுத்தேன்.

கசந்தது. உதட்டோரத்தில் ஏதோ பச்சையாக ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பிலை. பால் மறக்கடிக்க அரைத்துப் பூசுவார்களே, அது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் நடுவாசல் உரலில், என் உரலில், முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து மகளுக்கு இடப்பக்கம் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்து மாராப்பு நனைந்து ஒட்டியிருந்தது. அரைத்துப் பூசியதையும் கரைத்துக்கொண்டு பால் இடுப்பு வரை வழிந்து, புடவையில் பச்சைக் கறை இறங்கியிருந்தது. வற்றிப்போன பால்! அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. என் மகன் குடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி இல்லை.

நாக்கில் அந்தக் கசப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு, அப்போதும் அவள் மேல் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் அரைத்திருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

மகன் பாதியில் விட்டுவிட்டுச் சிணுங்கினான். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் பார்க்கும்படியே நான் அவனைத் தூக்கி, வலப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.